தெளிப்பானைத் தூக்கும் முன் காட்டைப் பாருங்கள், தோழர்களே!

மக்காச்சோளம் விதைத்திருக்கும் தோழர்களே! களையெடுக்கவும் மருந்தடிக்கவும் கூலிக்குப் போகும் தோழர்களே!

புரட்டாசிப் பட்டத்து விதைப்பு முளைத்துவிட்டது. பெரம்பலூர், அரியலூர்க் கரிசலில் பயிர் இரண்டாம் வாரத்தைத் தாண்டுகிறது. ஆத்தூர், சின்னசேலம், துறையூர்ப் பக்கம் குருத்து விரிகிறது. விளாத்திகுளம், கோவில்பட்டி மானாவாரியில் மழையைப் பார்த்து விதை இறங்கிக்கொண்டிருக்கிறது. இலையில் நாலு பொத்தல் கண்டதும் உரக்கடைக்கு ஓடுகிற நாள்கள் இவை. வரும் மூன்று வாரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் தை மாத அறுவடை. இந்த அறைகூவல் இன்றே உங்கள் கைக்கு வருவதற்குக் காரணம் அதுதான்.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. படைப்புழுவைக் கொல்ல நாம் கண்மூடித்தனமாக அடிக்கும் மருந்து, படைப்புழுவைத் தின்று நம்மைக் காக்கும் உயிர்களை முதலில் கொல்கிறது. காவலை இழந்த காட்டில் புழுவின் அடுத்த தலைமுறை தடையில்லாமல் பெருகுகிறது. நாம் மறுபடியும் கடைக்குப் போகிறோம். இந்தச் சுழலை இந்தப் பட்டத்திலேயே அறுத்தாக வேண்டும்.

நம் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். படைப்புழு அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016-ல் ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் இந்தியாவின் முதல் படைப்புழு பதிவானது. அந்த ஆண்டே நம் மாவட்டங்களில் குருத்துக் குருத்தாகத் தின்று தீர்த்தது. அரசு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்குச் சேதம். வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவும் விளையாத காடுகள் நம்மிடையே ஏராளம். அதைப் பார்த்தவன் பயப்படாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பயத்திலேயே நின்றுகொண்டு ஒவ்வொரு பட்டமும் மருந்து மேல் மருந்தாக அடித்து நாம் கண்ட பலன் என்ன? புழு இன்னும் இருக்கிறது. அதைத் தின்றவைதான் குறைந்துவிட்டன.

நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் காட்டில் இறங்குங்கள். ஒரு செடியின் தூரில் குனிந்து மண்ணைப் பாருங்கள். சாம்பலும் பழுப்புமாக ஒரு சிலந்தி ஓடும். அது வலை பின்னாது, ஓடிப் பிடிக்கும். ஓநாய்ச் சிலந்தி என்று பெயர். பெண்ணாக இருந்தால் பின்புறத்தில் வெளிறிய உருண்டை ஒன்றை ஒட்டவைத்துக்கொண்டு திரியும். அது முட்டைப் பை. குஞ்சுகள் வெளிவந்ததும் அத்தனையும் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். முட்டையிலிருந்து வந்த புழுக்குஞ்சு நூல்விட்டுச் செடிக்குச் செடி பரவும்போது, வழியில் பிடித்துத் தின்பவை இந்தச் சிலந்திகள். இலைமேல் கால் முழுக்க முள் நிற்கும் பச்சைச் சிலந்தி பதுங்கியிருக்கும். லிங்க்ஸ் சிலந்தி அது. பாய்ந்து பிடிப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை.

குருத்தை விரலால் விலக்குங்கள். வாலில் இடுக்கி வைத்த பழுப்புப் பூச்சி நெளிந்தால் நசுக்கிவிடாதீர்கள். குருத்தைத் தின்பது இதுதான் என்று நம்மில் பலரும் அதைக் கொன்றிருக்கிறோம். இடுக்கிவால் பூச்சி, படைப்புழுவின் முட்டையையும் குஞ்சுப் புழுவையும் தேடித்தான் அங்கே நுழைகிறது. மருந்து எட்டாத இடத்துக்கு அது எட்டும்.

இலையைத் திருப்பினால் மயிர் போர்த்திய முட்டைக் குவியல் தென்படலாம். ஒரு குவியலில் 100 முதல் 200 முட்டை இருக்கும். ஒரு தாய் அந்து ஆயிரத்துக்கு மேல் இடும். அந்தக் குவியல்மேல் தூசி அளவுக் கறுப்புக் குளவி ஒன்று ஊர்ந்தால், உங்கள் காட்டின் மிகப் பெரிய பாதுகாவலர் அங்கே வேலையில் இருக்கிறார் என்று பொருள். டெலினோமஸ் என்ற முட்டை ஒட்டுண்ணி அது. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு வரவேண்டிய முட்டையிலிருந்து குளவி வரும். நமக்குப் பழக்கமான டிரைக்கோகிரம்மா குளவி பெரும்பாலும் மேலடுக்கு முட்டைகளோடு நின்றுவிடுகிறது. டெலினோமஸ் மயிர்ப் போர்வையைத் தாண்டி அடியடுக்கு முட்டை வரை போகிறது.

இவை மட்டுமில்லை. பொறிவண்டும் அதன் குஞ்சும், கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குஞ்சும், இரவில் மண்ணில் வேட்டையாடும் தரைவண்டும், புழுவின் உடம்பிலேயே முட்டை வைக்கும் கேம்போலெட்டிஸ், கோட்டீசியா குளவிகளும் நம் காட்டில்தான் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இலையோடு ஒட்டி விறைத்து, முதலில் வெள்ளை பூத்துப் பிறகு பச்சைப் பொடி படர்ந்து செத்துக் கிடக்கும் புழுவைப் பார்த்திருப்பீர்கள். மெட்டாரைசியம் ரைலி என்ற பூசணம் கொன்ற புழு அது. அந்தப் புழுவைத் தொட்டு எறிந்துவிட வேண்டாம். அதன்மேல் உள்ள பொடி காற்றில் பரவி இன்னும் பல புழுக்களைக் கொல்லும்.

இப்போது மருந்தடித்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வளர்ந்த புழு குருத்தின் ஆழத்தில், தன் எச்சத்தையே மூடியாகப் போட்டுக்கொண்டு கிடக்கிறது. மரத்தூளாக நம் கண்ணுக்குத் தெரிவது அந்த மூடிதான். மேலாகப் போகிற தெளிப்பு இலையை நனைக்கிறது, மண்ணை நனைக்கிறது, உள்ளே கிடக்கும் புழுவைத் தொடுவதில்லை. இலையிலும் மண்ணிலும் திரிகிற சிலந்தியும் வண்டும் குளவியும் முழுக்க நனைகின்றன.

லாம்ப்டா சைகலோத்ரின், சைபர்மெத்ரின் முதலான பைரித்ராய்டு மருந்துகள் சிலந்திகளுக்குக் கொடிய எமன். குளோர்பைரிபாஸ், புரபனோபாஸ் முதலானவை நல்லது கெட்டது பார்க்காமல் கொல்பவை. இமிடாகுளோபிரிட், தயமீத்தாக்சம் முதலானவை செடியின் சாற்றில் ஏறி மகரந்தம் வரை போகும். அந்த மகரந்தத்தைத் தேனீயும் பொறிவண்டும் தின்கின்றன. உயிர் தப்பியவையும் முழுசாகத் தப்புவதில்லை. சிலந்தியின் நடை தளரும், வலை கோணும். குளவிக்கு முட்டை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் திறன் மழுங்கும்.

மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடித்த காட்டுக்கு மறுநாள் காலை போய்ப் பாருங்கள். வரிசைக்கு நடுவே பொறிவண்டுக் குஞ்சுகள் கால் மடங்கிக் கிடக்கும். ஓநாய்ச் சிலந்தி மல்லாந்து கிடக்கும், முட்டைப் பை இன்னும் உடம்போடு ஒட்டியபடி. ஒரு தாய் செத்தால் அவள் சுமந்த தலைமுறையே போயிற்று. அதே வரிசையில் ஒரு குருத்தைப் பிரித்தால், தலையில் தலைகீழ் ஒய் கோடு போட்ட புழு உயிரோடு சுருளும்.

இனி கணக்கைப் பாருங்கள். படைப்புழு முட்டையிலிருந்து அந்தாக மாற ஏறக்குறைய 30 நாள் போதும். அந்து ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறந்து வரும். பல சிலந்திகளுக்கோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு தலைமுறைதான். ஒட்டுண்ணிக் குளவிக்குப் புழுவோ முட்டையோ ஓரளவு இருந்தால்தான் பிழைப்பு. காட்டைத் துடைத்துக் காலி செய்தால் முதலில் திரும்பி வருவது புழுதான். அதை எதிர்க்க அப்போது யாரும் இருக்க மாட்டார்கள். 1980-களில் ஆந்திரத்தின் பருத்திக் காடுகளில் பைரித்ராய்டை மேலும் மேலும் அடித்தபோது வெள்ளை ஈ பெருக்கெடுத்ததை மூத்த தோழர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். போதாக்குறைக்கு, மருந்துக்குத் தப்பிய புழுவின் வாரிசு அந்த மருந்துக்கே பழகிவிடுகிறது. அமெரிக்கக் கண்டத்தில் இந்தப் புழு பல வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டுவிட்டது. புவெர்ட்டோ ரிக்கோவில் மரபணு மாற்றிய பி.டி. மக்காச்சோளத்தையே தாங்கி நின்றது.

"அடிக்காவிட்டால் மொத்தமும் போய்விடுமே" என்பீர்கள். பொத்தல் விழுந்த இலையெல்லாம் போன கதிர் ஆகிவிடாது, தோழர்களே. 2017-ல் கானாவிலும் ஜாம்பியாவிலும் விவசாயிகளிடம் கேட்டபோது, இழப்பு முறையே 45, 40 விழுக்காடு இருக்கும் என்று சொன்னார்கள். பிறகு கிழக்கு ஜிம்பாப்வேயில் சிறு விவசாயிகளின் காடுகளில் இறங்கி அளந்து, 2019-ல் ஆய்வு முடிவு வெளியிட்டார்கள். செடிகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை புழு தாக்கியிருந்தும், மகசூல் இழப்பு 12 விழுக்காட்டைத் தாண்டவில்லை. இளம்பருவத்தில் இலை போனாலும் மக்காச்சோளம் புது இலை விட்டு ஈடுகட்டும் பயிர். எல்லா ஆண்டும் எல்லாக் காட்டிலும் இப்படியே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்காமல் அடிக்காதீர்கள் என்கிறேன்.

இந்தப் பயத்தில் லாபம் பார்ப்பவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும். வாடிய இலையைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால், காட்டையே பார்க்காதவர் மூன்று பாட்டிலை எடுத்து மேசைமேல் வைக்கிறார். கடனுக்கு விதை கொடுத்த கையே கடனுக்கு மருந்தும் கொடுக்கிறது. அறுவடை முடிந்து நாமக்கல் கோழித்தீவனத்துக்கு லாரி ஏறும் சோளத்தின் பணத்தில் பாதி அந்தக் கடன் புத்தகத்துக்கே போகிறது. டேங்கை முதுகில் சுமந்து, முகமூடியும் கையுறையும் இல்லாமல் அந்தப் புகைக்குள் நடப்பவர் நம் கூலித் தோழர். சிலந்தியின் நரம்பைத் தாக்கும் மருந்து அவர் நரம்பையும் விட்டுவைக்காது.

உலகம் இதற்கு விலை கொடுத்துப் பாடம் படித்திருக்கிறது. 2008 வசந்தத்தில் ஜெர்மனியின் ரைன் ஆற்றுச் சமவெளியில் க்ளோத்தியானிடின் பூசிய மக்காச்சோள விதையை எந்திரத்தில் விதைத்தார்கள். பூச்சு உதிர்ந்து தூசியாகப் பறந்து பூக்களில் படிந்தது. 11,000-க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் க்ளோத்தியானிடின், இமிடாகுளோபிரிட், தயமீத்தாக்சம் மூன்றையும் திறந்த வெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. மக்களும் அரசும் சேர்ந்து நின்றால் மருந்தின் பிடியை உடைக்க முடியும் என்பதற்கு இந்தோனேசியா சாட்சி. அங்கே நெல்லில் புகையான் வெறியாட்டம் போட்டது. அதைத் தின்னும் சிலந்திகளை மருந்து கொன்றதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1986-ல் அந்நாட்டு அரசு நெல்லில் 57 வகை மருந்துகளுக்குத் தடை போட்டது, மருந்து மானியத்தைப் படிப்படியாக நிறுத்தியது, வயலையே பள்ளிக்கூடமாக்கி விவசாயிகளுக்குப் பூச்சிகளை அடையாளம் காட்டியது. மருந்து குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை.

நாம் செய்ய வேண்டியவை இவை. ஊர் கூடி முடிவெடுப்போம்.

முதலாவது, எண்ணாமல் அடிப்பதில்லை. வாரம் இருமுறை காட்டில் வளைந்து வளைந்து நடந்து ஐந்து இடத்தில் நில்லுங்கள். இடத்துக்கு 20 செடி பாருங்கள். முதல் நான்கு வாரத்தில் 100 செடிக்கு 5 முதல் 10 செடியாவது தாக்கப்பட்டிருந்தால்தான் அடுத்த யோசனை. குருத்து முதிர்ந்த பிறகு இந்த அளவு 20. சிலந்தியையும் பொறிவண்டையும் அதே தாளில் எண்ணி எழுதுங்கள். நேர்த்தி செய்த விதை என்றால் முதல் இரண்டு வாரத்துக்கு அந்தப் பூச்சே காவல் நிற்கிறது. அதன்மேல் இன்னொரு மருந்து வீண்.

இரண்டாவது, கையால் முடிவதைக் கையால் முடிப்போம். முட்டைக் குவியலைக் கண்டால் இலையோடு கிள்ளி நசுக்குங்கள். டெலினோமஸ் தொட்ட முட்டைகள் கறுத்திருக்கும், கறுத்தவற்றைத் துளையிட்ட டப்பாவில் வைத்துக் காட்டிலேயே விடுங்கள். வெளிவரும் குளவி துளை வழியே பறந்துவிடும், புழு வந்தால் டப்பாவிலேயே சிக்கிக்கொள்ளும். முதல் 30 நாளுக்குள் ஒன்பது பங்கு மணலில் ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் போடலாம். ஏக்கருக்கு 10 பறவைத் தாங்கி நடுங்கள். கரிக்குருவி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, காவலர்களுக்கு இடம் கொடுப்போம். வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி. ஊடே உளுந்து அல்லது பாசிப்பயறு. தட்டைப்பயறில் ஏறும் அசுவினியைக் கண்டு பதறாதீர்கள், பொறிவண்டு பெருகுவது அதைத் தின்றுதான். வரப்பில் நிற்கும் பூவுள்ள செடிகளைக் களைக்கொல்லி அடித்துக் கருக்காதீர்கள்.

நான்காவது, அடித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வேப்பெண்ணெய் சார்ந்த அசாடிராக்டினையும், மெட்டாரைசியம், பிவேரியா பூசணங்களையும் முதலில் எடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், நன்மை செய்யும் பூச்சிகளை ஒப்பீட்டளவில் குறைவாகப் பாதிக்கும் குளோரான்ட்ரானிலிப்ரோல் போன்ற ஒரே மருந்தை, லேபிளில் சொன்ன அளவில், மாலையில், தாக்கிய செடியின் குருத்துக்குள் மட்டும் விழும்படி அடியுங்கள். ஒரே மருந்தை அடுத்தடுத்து அடிக்காதீர்கள். டேங்கில் கலவை கூடவே கூடாது. ஆண் பூ வந்துவிட்டால் தெளிப்பான் வீட்டோடு இருக்கட்டும். தேனீ வரும் நேரம் அது.

ஐந்தாவது, பில் இல்லாமல் மருந்து வாங்குவதில்லை. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ், விற்பவர் பில் கொடுத்தாக வேண்டும். எந்தப் பயிருக்கு அனுமதி என்று லேபிளில் இருக்கும். மக்காச்சோளத்தின் பெயர் இல்லாத மருந்தைத் திருப்பிக் கொடுங்கள். முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம்.

அறுவடை முடிந்ததும் கோடை உழவு ஆழமாக ஓட்டுவோம். மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழு வெயிலிலும் கொக்கின் வாயிலும் முடியும்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையங்களில் விதைப்புக்கு முன்பே டிரைக்கோகிரம்மா அட்டையும் டெலினோமஸும் மெட்டாரைசியமும் இருப்பில் இருக்க வேண்டும். புழு வந்தபின் "இண்டெண்ட் போட்டிருக்கிறோம்" என்ற பதில் நமக்குப் பயன்படாது. படைப்புழுத் திட்டம் என்றாலே மருந்துக்கு மானியம் என்ற வழக்கத்தை நிறுத்தி, அந்தப் பணத்தை ஊருக்கு ஒரு வயல்வெளிப் பள்ளிக்குச் செலவிட வேண்டும். உதவி வேளாண்மை அலுவலர் வாரம் ஒருமுறை காட்டுக்கு வர வேண்டும். மருந்தடிக்கும் தொழிலாளருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுப்பது கட்டாயமாக வேண்டும். இதை மனுவாக எழுதி, ஊர்க்காரர் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு, வரும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுப்போம்.

தனியாளாக எவரும் இதில் ஜெயிக்க முடியாது. நான் நிறுத்தி, பக்கத்துக் காட்டுக்காரர் அடித்தால், என் சிலந்தியும் குளவியும் அங்கே போய்ச் சாகும். ஆகவே ஊர் முழுக்கச் சேர வேண்டும். களையெடுக்கும் அக்கா தங்கைகளே, காட்டின் ஒவ்வொரு வரிசையையும் அறிந்தவர்கள் நீங்கள். முட்டைக் குவியலை முதலில் காண்பது உங்கள் கண்தான். ஊர் எண்ணிக்கைக் குழுவுக்கு நீங்கள் தலைமை ஏற்க வேண்டும், அந்த வேலைக்குக் கூலியும் கேட்டு வாங்க வேண்டும். படிக்கும் தம்பி தங்கைகளே, செல்போனில் ஓநாய்ச் சிலந்தியையும் இடுக்கிவால் பூச்சியையும் டெலினோமஸையும் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். எதைக் கொல்லக் கூடாது என்று பெரியவர்களுக்குக் காட்டுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, ஒவ்வொரு ஊரிலும் ஒரு காட்டில் கூடுங்கள். 100 செடியை எண்ணுங்கள். கணக்கைக் கோவில் சுவரிலோ பஞ்சாயத்துப் பலகையிலோ எழுதுங்கள். அந்தக் கணக்கைப் பார்க்காமல் இந்தப் பட்டத்தில் நம் ஊரில் ஒரு டேங்க் மருந்துகூட இறங்கக் கூடாது. இன்றே முடிவெடுங்கள், தோழர்களே. கூடுங்கள், எண்ணுங்கள், காட்டைக் காப்பாற்றுங்கள்!